கூத்துக்களத்தில் உடற்பேறு குறைந்தோர்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையாற் பகுக்குமிடத்து முதலில் வைப்பது உற்றறிவு. உடம்பினால் தொட்டறிவது அது. புல்லும் மரமும் அவ்வோரறிவே உடையன. அதன்மேல் நாவும், அதன்மேல் மூக்கும், பிறகே கண்ணும் செவியும் வருகின்றன. ஆறாவதாக மனம் நிற்கிறது. தமிழாசிரியர் எவரும் வகுப்பில் சொல்லிவிட்டுக் கடந்து போகும் பகுதி இது. ஆயினும் இவ்வரிசையை நாடகக் கலையோடு பொருத்திப் பார்த்தால் ஒரு புதுமை புலப்படும். நாடகம் என்றவுடன் நம் மனத்தில் எழுவன நான்காவதும் ஐந்தாவதும் ஆகிய புலன்களே. காண்பதற்கும் கேட்பதற்கும் உரியது நாடகம் என்று முடிவு கட்டிவிட்டோம். கண்ணும் செவியும் குறைந்தவனுக்கும், அவை இரண்டும் இருந்தும் ஒளியும் ஒலியும் தாங்கவொண்ணாத் துன்பமாகிவிடும் குழந்தைக்கும் அரங்கில் இடமில்லை என்பதே அம்முடிவின் மறுபக்கம்.

சென்ற நாற்பது ஆண்டுகளுக்குள் மேனாட்டார் சிலர் இவ்வரிசையை அடியிலிருந்து தொடங்கினர். பாடியும் ஆடியும் கதை சொல்வதோடு, பார்ப்போரின் கையில் ஈர மணலைக் கொடுத்தும், முகத்தில் இளஞ்சூடான காற்றை வீசியும், நறுமணப் பொருளை மூக்கருகே காட்டியும், கதையின் நடுவே அவர்களையே பாத்திரங்களாக்கியும் நடத்தும் இசை நாடகம் அது. ஆட்டிசம் உடைய குழந்தைகளையும், பல குறைகள் ஒருங்கே அமைந்த சிறாரையும் முதன்மைப் பார்வையாளராகக் கொண்டது. பல்புலன் இசை நாடகம் என்று அதனைத் தமிழில் வழங்கலாம். இது முற்றும் மேனாட்டுப் புதுமையா, தமிழ்க் கூத்து மரபில் இதற்கு வேரேதும் உண்டா என்பதே இக்கட்டுரை ஆராய்வது.

சிலாங்கூரின் கடலோரத்தில், லங்காட் ஆறு பெருநிலத்தினின்றும் பிரித்துவைத்த கேரி தீவிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். எட்வர்டு வாலன்டைன் கேரி என்னும் ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்ற இத்தீவில், கடல்நீர் புகாவண்ணம் கரை கட்டிக் காடு வெட்டிக் கித்தாவும் பின்னர்ச் செம்பனையும் வளர்த்த உழைப்பில் தமிழருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அவர்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் மா மெரி என்னும் பூர்வக்குடி மக்கள். சுங்கை பும்பூன் சிற்றூரில் ஆண்டுதோறும் முன்னோர் விழா நடக்கிறது. அவ்விழாவில் மண்ணைக் குவித்து மேடாக்கி, அதனைச் சுற்றி வந்து ஜோ-ஓ என்னும் ஆட்டத்தை ஆடுகின்றனர். பெண்கள் ஓலையில் முடைந்த அணிகளும், ஆடவர் மரத்திற் செதுக்கிய முகமூடிகளும் பூணுகின்றனர். பறையும் மணியும் வயலினும் ஒலிக்க, மூங்கிற் குழாய்களைத் தரையில் இடித்துத் தாளம் எழுப்புகின்றனர். அத்தாளம் செவிக்கு எட்டுமுன் பாதத்திற்கு எட்டுகிறது. சாம்பிராணிப் புகை சூழ்கிறது. இங்கே மேடையென்றும் அவையென்றும் இரண்டில்லை, வட்டமே உண்டு.

அவ்வாட்டத்தை அயலிற் கண்ட தோட்டத் தமிழருக்கு அது விந்தையாயிராது. அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கூத்தும் அத்தன்மையதே. மலாயாத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூத்து நடந்த காலத்தில், கோயில் திடலோ பெரட்டுக்களமோ அரங்காயிற்று. வேடமணிந்தோர் கூட்டத்தின் நடுவே புகுந்து வருவர். கட்டியக்காரன் பார்ப்போருள் ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பான். குழந்தை அழுதாலும், முதியவர் எழுந்து போய்த் தேநீர் அருந்தி மீண்டாலும், ஒருவர் ஓரத்தில் படுத்துறங்கினாலும் கூத்துக்கு இடையூறில்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியுமட்டும் நடக்கும் கலைக்கு இவ்வுரிமை இன்றியமையாதது.

தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் விழாக்களில் இக்கூத்து இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்குப் பாரதம் பகலிற் சொல்லப்பட்டு, இரவில் ஆடப்பட்டு, சில கட்டங்களில் ஊரே அதனை நிகழ்த்துகிறது. பகாசுரன் வதத்தன்று வீமன் வேடம் பூண்டவர் வண்டியில் ஏறித் தெருத்தெருவாகச் செல்ல, வீடுதோறும் சோறும் பலகாரமும் கொண்டுவந்து கொடுக்கின்றனர். இங்கே கதைக்கு மணமும் சுவையும் உண்டு. அருச்சுனன் தபசு நாளில் உயர்ந்த மரத்தின் உச்சிக்குப் பாடிக்கொண்டே ஏறும் கூத்தர், அங்கிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் பூவும் வீசுவார். பிள்ளைப்பேறு வேண்டுவோர் அவற்றை மடியில் ஏந்துவர். பதினெட்டாம் நாளுக்குரிய படுகளத்தில் துரியோதனனை மண்ணால் பேருருவமாகப் படுக்கவைத்து, அவன் தொடையை வீமன் பிளந்தபின் அம்மண்ணைப் பிடியாக எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவோர் உண்டு. இறுதியில் தீமிதி. அமெரிக்க அறிஞர் ஆல்ப் ஹில்டபைடல் இவ்விழாக்களை ஆராய்ந்து 1988இலும் 1991இலும் இரு பெருநூல்கள் வெளியிட்டார். தொல்காப்பியர் சொன்ன உற்றறிவு முதல் மனவறிவு ஈறாக ஆறும் ஈடுபடும் இசை நாடகம் வேறெங்கேனும் இத்துணை முழுமையாக உண்டோ என்பது ஐயமே.

ஆனால், இதனைக் கொண்டு பழந்தமிழ்க் கூத்து உடற்பேறு குறைந்தோருக்காக அமைந்தது என்று எழுதிவிடுவது பிழையாகும். நம்மவர் பலர் அவ்வாறு எழுதும் பழக்கமுடையர். எது புதிதாகத் தோன்றினாலும் அது நம்மிடம் முன்பே இருந்ததென்பர். களம் திறந்திருந்தது என்பது உண்மை. அதில் யாரையெண்ணி எது செய்தார்கள் என்பது வேறு வினா. கட்டியக்காரன் அவையைச் சிரிக்கவைக்கும் உத்திகளுள் செவிடனின் மாற்றுமொழியும் திக்குவாயனின் தடுமாற்றமும் நொண்டியின் நடையும் எளிதாகக் கைக்கொள்ளப்பட்டவை. அவ்வேளையில் கூட்டத்திலிருந்த செவிடர் என்ன நினைத்தார் என்பதற்கு ஏடு இல்லை.

நம் பழைய நூல்களும் இப்பொருளில் ஒருமுகமாகப் பேசவில்லை. மேற்காட்டிய மரபியலிலேயே விலங்குகளோடு சேர்த்து ‘மாக்கள்’ என்னும் ஒரு பிரிவு ஐயறிவுடையதாக வைக்கப்பட்டிருக்கிறது. மனவுணர்ச்சியில்லாத மனிதர் என்று அதற்குப் பொருள் கண்ட உரைமரபு உண்டு. மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலே முதலாவது. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், குருடு கூன் குறள் ஊமை செவிடு முதலிய எட்டினை எச்சம் எனத் தொகுத்து, அப்பிறப்பால் பயனில்லை என்று நலங்கிள்ளிக்கு உரைக்கிறார். சங்கப் பாட்டு என்பதற்காக இக்கருத்தை வகுப்பில் மூடி மறைத்துப் படிப்பிப்பதில் பொருளில்லை. மாணவரிடையே அத்தகைய பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கலாம் என்ற நினைவோடு படிப்பிப்பதே முறை.

சிலப்பதிகாரம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து ஐவகை மன்றங்கள் பேசப்படுகின்றன. அவற்றுள் இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கினால் கூனும் குறளும் ஊமையும் செவிடும் நீங்கும். நெடுங்கல் நின்ற மன்றத்தை வலம்வந்தால் பித்தேறியோர் தெளிவர். ஆடலும் பாடலும் நிறைந்த பெருவிழாவில் இவர்களுக்கும் ஓரிடம் உண்டு; ஆனால் அவ்விடம் குறை நீங்குமிடம். குறையோடு வந்து கூத்துப் பார்த்துக் குறையோடு திரும்பிச் செல்வதற்குரிய மன்றம் ஒன்று அப்பட்டியலில் இல்லை.

இச்சிந்தனையின் முதிர்ச்சியை நொண்டி நாடகத்திற் காணலாம். பெயர் இன்று செவிக்கு இதமாயில்லை. எனினும் அது இலக்கிய வகையின் பெயர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வழங்கிய இவ்வகையில் கால் இழந்த ஒருவனே தலைவன். அவனே அரங்கில் ஒற்றைக்காலால் துள்ளி நின்று தன் கதையைப் பாடுவான். பரத்தையால் பொருளிழந்து, களவில் இறங்கி, குதிரை திருடப்போய்ப் பிடிபட்டு, கால் வெட்டப்பட்டவன் அவன். முடிவில் இறையருளால் கால் வளரப்பெறுவான். திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் முருகன் அருள்கிறான். சீதக்காதி நொண்டி நாடகத்திலோ கீழக்கரை வள்ளலின் உதவியால் மக்கா சென்றவன் அங்கே கால்பெறுகிறான். சமயம் மாறினும் சட்டகம் மாறவில்லை என்பது கருதத்தக்கது. ஊனம் தண்டனை, நலம் அருள். இடையில் ஊனத்தோடு வாழ்தல் என்று ஒன்று இவ்வகையில் இல்லை.

ஆயினும் இந்நாடகங்கள் தமிழுக்கு ஒரு கொடையும் தந்தன. ஒற்றைக்காலின் துள்ளலுக்கேற்ப அமைந்த மெட்டு நொண்டிச்சிந்து என்று பெயர்பெற்று யாப்பில் நிலைத்துவிட்டது. பாரதியார் அதனைக் கையாண்டார். நேரான நடைக்கு இல்லாத ஓர் அழகு நடைதவறிய காலிலிருந்து பிறந்தது என்பதை யாப்பிலக்கணம் கற்பிப்போர் ஒரு சொல்லேனும் சொல்லலாம். கலைஞர் வரிசையிலும் உடற்குறை உடையோர் நமக்குப் புதியவரல்லர். நடக்கவியலாத ஒருவரும் காணவியலாத ஒருவரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறிச் சென்று பாட்டின் பாதியை ஒருவரும் மீதியை மற்றவரும் பாடினர் என்று பேசப்படும் இரட்டைப்புலவர். அந்தகக்கவி வீரராகவ முதலியார். தமிழ் இசை நாடகத்தின் தலைமையாசிரியரெனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளே (1867-1922) தம் இறுதிக்காலத்தில் பக்கவாதத்தால் கையும் காலும் வாயும் முடங்கிக் கிடந்தவர். பாடியோரைப் போற்றினோம், கேட்க வந்தோரைப் பற்றியே பேச்சில்லை.

அரங்கமைப்பின் வரலாறு இனி. மாதவியின் அரங்கு ஏழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையது. தூணின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் விழாதபடி விளக்கு வைத்தனர். அடியார்க்கு நல்லார் காட்டும் இலக்கணத்தில் அரங்கிடும் மண்ணின் மணமும் சுவையுங்கூட ஆராயப்படுகின்றன. வடமொழியில் பரதரும், அரங்கு மிகப் பெரிதானால் ஒலி தெளிவிழக்கும், முகக்குறிப்பு மறையும் என்று கூறி 64 முழ நீளமும் 32 முழ அகலமும் உடையதனையே சிறந்ததென்றார். பார்ப்போரின் புலனை அளவாகக்கொண்டு கட்டடம் கட்டுதல் என்னும் கொள்கை இவ்விரு நூல்களிலும் தெளிவாக இருக்கிறது. யாருடைய புலன் என்னும் கேள்விதான் எழவில்லை.

ஐரோப்பியரின் இசை நாடகம் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் பிளாரன்ஸ் நகரத்துப் பிரபுக்கள் மாளிகையில் பிறந்து, 1637இல் வெனிஸ் நகரில் கட்டணம் செலுத்தும் பொதுமக்களுக்குத் திறந்தது. அந்நாளைய அரங்குகளில் விளக்கு அணைக்கப்படவில்லை. மக்கள் பேசினர், உண்டனர், நடுவில் வந்தனர் போயினர். 1876இல் ஜெர்மானிய இசைவல்லுநர் வாக்னர் பைராய்ட் நகரில் தாம் கட்டிய அரங்கில் அவையை இருட்டாக்கினார். இருளில் அசையாமல், வாய்திறவாமல் அமர்ந்திருப்பதே கலையை மதிக்கும் முறை என்னும் வழக்கம் அதன்பிறகே உலகெங்கும் பரவி வேரூன்றியது. நம் கம்பெனி நாடகக் கொட்டகைகளும், பிறகு சினிமாக் கொட்டகைகளும், கோலாலம்பூரின் மண்டபங்களும் இவ்வழக்கத்தை மெல்ல மெல்ல ஏற்றன. நூற்றைம்பது ஆண்டுகூட ஆகாத ஓர் ஒழுக்கத்தை ஆதியிலிருந்தே வந்த நாகரிகமென்று எண்ணி, அதற்கு அடங்காத பிள்ளையையும் பெற்றவளையும் முறைத்துப் பார்க்கிறோம்.

அப்பிள்ளையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1943இல் அமெரிக்காவில் மருத்துவர் லியோ கானர் பதினொரு சிறுவரை ஆராய்ந்து ஆட்டிசம் என்னும் நிலையை விவரித்தார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஆஸ்பெர்கர் தனியே எழுதினார். தமிழில் சிலர் இதனை ‘மதியிறுக்கம்’ என்கின்றனர். அச்சொல் பொருந்துவதன்று, இறுகியிருப்பது மதியன்று. புலன்வழி வரும் செய்திகளை மூளை ஏற்று ஒழுங்குபடுத்தும் முறை பிறரினும் வேறுபட்டது என்பதே செய்தி. நமக்குச் சிறு கைத்தட்டலாக இருப்பது அக்குழந்தைக்கு இடியாக இருக்கலாம்; நாம் பொருட்படுத்தாத மின்விசிறியின் சுழற்சி அதற்கு ஓர் அரங்கேற்றமாக இருக்கலாம். எதிர்பாராதது நடந்தால் அஞ்சும். அடுத்து இன்னது வரும் என்று முன்பே அறிந்திருந்தால் அமைதிபெறும். கைகளை உதறுவதும் உடலை ஆட்டுவதும் தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்ளும் செயல்கள், குறும்பல்ல.

தோட்டங்களில் இத்தகைய பிள்ளைகள் நெடுங்காலம் பெயரற்றுக் கிடந்தனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்புச் சான்றிதழ் அச்சட்டமே. பத்துப் பிள்ளைகளை எண்ணும்போது பேசாத பிள்ளையை எண்ணினார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ‘அம்மன் குற்றம்’ என்றும் ‘பயந்த கோளாறு’ என்றும் சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டினர். ஆயாக் கொட்டகைப் பருவம் கடந்தபின் அப்பிள்ளை லயத்தின் பின்கட்டில் வளர்ந்தது. நாட்டில் தேசிய ஆட்டிசச் சங்கம் தோன்றியது 1987இல். 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள் ‘கற்கத் தக்கவர்’ என்னும் வரம்பிட்டுச் சிலரை வெளியே நிறுத்தின. 2013இல் அவ்விதிகளுக்கு மாற்றாகப் புதியன வந்தன. 2019 முதல் எப்பிள்ளையையும் திருப்பியனுப்பலாகாது என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இடையில் 2008இல் இயற்றப்பட்ட உடற்பேறு குறைந்தோர் சட்டம், கல்வி, வேலை ஆகியவற்றோடு பண்பாட்டு வாழ்விலும் அவர்களுக்குப் பங்குண்டு என்றது. 2010இல் மலேசியா ஏற்ற ஐக்கிய நாட்டு உடன்படிக்கையின் முப்பதாம் விதியும் இதனையே கூறுகிறது. பள்ளியைத் திறந்துவிட்டோம். பள்ளியின் ஆண்டுவிழாவையோ கோயில் கலைநிகழ்ச்சியையோ அவர்களுக்குத் திறந்தோமா என்பது சட்டத்தால் மட்டும் தீர்வதன்று.

மேனாட்டில் நிகழ்ந்தது சுருக்கமாக இது. 1970களில் நெதர்லாந்து நாட்டின் ஹார்டன்பெர்க் இல்லத்தில் ஹுல்செக, வெர்ஹூல் என்னும் இருவர், கடுமையான அறிவுக்குறை உடையோருக்காக மெல்லொளியும் மணமும் மென்பரப்புகளும் அமைந்த அறைகளை உருவாக்கினர். 1981இல் லண்டனில் டிம் வெப்பும் அவர் நண்பர்களும் ‘ஆய்லி கார்ட்’ என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினர். முதலில் சிறு குழந்தைகளுக்காக ஆடியவர்கள், 1980களின் இறுதியில் பல குறைகள் உடைய பிள்ளைகளின் சிறப்புப் பள்ளிகளை நாடிச் சென்றனர். அவர்கள் கண்ட வழி எளியது, ஆயினும் பெரும் உழைப்பு வேண்டுவது. பார்ப்போர் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கது. நடிகர் ஒருவர் ஒரு பிள்ளையின் முன் அமர்ந்து, அதன் பெயரையே பாட்டில் வைத்துப் பாடுகிறார். பிள்ளை முகம் திருப்பினால் நிறுத்துகிறார். கை நீட்டினால் தொடர்கிறார். கதையின் வேகத்தை ஆள்வது ஆசிரியரல்லர், அப்பிள்ளையே. வெந்நீர்க் குளத்தில் மிதந்தபடியும், துள்ளுமேடையில் படுத்தபடியும் பார்க்கும் நாடகங்களை அவர்கள் செய்தனர். காது கேளாதோர் அதிர்வை உடம்பால் கேட்பர் என்பதையும் பயன்படுத்தினர். வெறுங்காலோடு மேடையேறித் தாளக்கருவி இசைக்கும் ஸ்காட்லாந்தின் எவெலின் கிளெனி அம்மையாரை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

மறுவழி ஒன்றும் உண்டு. புதிய நாடகம் செய்யாமல், உள்ள நாடகத்தையே பதப்படுத்தி அளிப்பது. 2011 அக்டோபரில் நியூயார்க் பிராட்வேயில் ‘லயன் கிங்’ இசை நாடகம் ஆட்டிசக் குடும்பங்களுக்கென ஒருநாள் நடத்தப்பட்டது. பேரொலிகள் குறைக்கப்பட்டன, கண்ணைப் பறிக்கும் ஒளிகள் நீக்கப்பட்டன, கூடத்தில் அமைதியிடங்கள் ஒதுக்கப்பட்டன. 2015இல் லிங்கன் மையம், ஆட்டிசம் உடைய சிறாருக்கென்றே ஒரு பல்புலன் நாடகத்தை ஆக்குவித்தது. 2018இல் அவர்களுக்கென ஒரு விழாவே எடுத்தது. இவ்விரு வழிகளுள் முதலாவதே உயர்ந்தது. ஒலியைக் குறைத்துக் கொடுப்பது பிறர் விருந்தில் காரம் குறைத்து இடுவது போன்றது. பசியறிந்து சமைப்பது வேறு. ஆனால் செலவு நோக்கின் இரண்டாவது வழியே பலருக்கும் எட்டக்கூடியது என்பதையும் மறுக்கவியலாது.

தமிழ்நிலத்தில் இதனை ஒத்த முயற்சிகள் உண்டு. சென்னையில் நடனக் கலைஞர் அம்பிகா காமேஷ்வர் 1989இல் தொடங்கிய ‘ரசா’ நிறுவனம், இசையும் அபிநயமும் கதையும் கொண்டு சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளை வளர்க்கிறது. அபிநயத்தின் கைம்முத்திரை, பேச்சில்லாப் பிள்ளைக்கு மொழியாகிவிடுவது நம் மரபு அளித்த வசதியாகும். இலங்கையில் 2000ஆம் ஆண்டு சுனேத்திரா பண்டாரநாயக்க நிறுவிய ‘சுனேரா’ அறக்கட்டளை, லண்டனில் 1980இல் ‘அமிச்சி’ நடனக் குழுவை அமைத்த வுல்ப்காங் ஸ்டாங்கேயின் வழிகாட்டலில், உடற்குறை உடையோரும் இல்லாதோரும் சேர்ந்து ஆடும் அரங்கை உருவாக்கியது. பேராதனையில் சு. வித்தியானந்தன் வட்டக்களரிக் கூத்துகளை 1960களில் படச்சட்ட மேடைக்கு மாற்றியமைத்தபோது மேடையேறியவற்றுள் ஒரு நொண்டி நாடகமும் உண்டு. அம்மாற்றத்தால் கூத்து பல்கலைக்கழகத்தாரின் மதிப்பைப் பெற்றது, வட்டத்தை இழந்தது. இவ்வாராய்ச்சிக்கு அவ்விழப்பே பெரிதாகத் தோன்றுகிறது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் இவ்வகையில் தனிச்சிறப்புடையது. 1951இல் நிறுவப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. வெண்கோல் ஊன்றிச் செல்வோர் அத்தெருக்களில் நாள்தோறும் காணும் காட்சி. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய நுண்கலைக் கோயிலும் அதே பிரிக்பீல்ட்ஸில்தான் ஆடலும் இசையும் பயிற்றுகிறது. பார்வையற்றோருக்குக் கூத்தைச் சொல்லிக் காட்டும் கலையும் இன்று தனித்து வளர்ந்திருக்கிறது. 1981இல் வாஷிங்டன் அரினா அரங்கில் மார்கரெட், கோடி பான்ஸ்டீல் தம்பதியர், மேடையில் நிகழ்வதை வசனத்தின் இடைவெளிகளில் காதோரக் கருவிவழி விவரிக்கும் முறையைத் தொடங்கினர். பாரதம் படித்த தமிழாசிரியர் இதனைக் கேட்டுப் புன்னகை புரிவார். பார்வையற்ற திருதராட்டிரனுக்குப் பதினெட்டு நாட் போரையும் விவரித்தவன் சஞ்சயன். அவன் வெறும் செய்தி சொல்லவில்லை. கேட்போன் தந்தை என்பதை அறிந்து சொன்னான். அரங்கச் சொல்லிகளுக்குப் பயிற்சி தருவோர் அப்பகுதியைப் பாடமாக வைக்கலாம்.

இனித் தோட்டக் கூத்தை இக்கண்ணோடு மீண்டும் நோக்கினால் கொள்வதும் தள்ளுவதும் விளங்கும். எழுந்து நடக்கும் உரிமை, அவையோரைப் பெயர் சொல்லி அழைத்தல், ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுதல், கையில் பழமும் மண்ணும் பெறுதல் ஆகிய இவை ஆட்டிசம் உடைய பிள்ளைக்கு வேண்டுவனவற்றோடு அப்படியே பொருந்துகின்றன. திரும்பப் பாடுவதைப் படித்தவர் சலிப்பென்று வெட்டினர். அடுத்து வருவதை அறிந்திருக்க விரும்பும் பிள்ளைக்கோ அதுவே கைப்பிடி. திரைக்குப் பின்னே நின்று பாத்திரம் தன் பெயரையும் பெருமையையும் பாடி, சலங்கை ஒலித்து, கிரீடத்தின் நுனி மட்டும் காட்டி, பிறகே வெளிப்படும் திரைவரவும் அத்தகையது. திடீரென்று எவரும் தோன்றுவதில்லை.

தள்ளவேண்டியவற்றுள் முதலாவது ஒலிபெருக்கி. முகவீணையும் மத்தளமும் வெட்டவெளியில் இயல்பாக ஒலித்த காலம் வேறு; கோபுரம்போல் அடுக்கிய பெட்டிகளிலிருந்து அவை பாயும் காலம் வேறு. வேட்டும் சீழ்க்கையும் ஊளையும் அடுத்தவை. கூத்தின் உயிர் இவற்றில் இல்லை என்பதை முதிய வாத்தியார்கள் ஒப்புக்கொள்வர், இளைஞர் ஒப்பமாட்டார். கட்டியக்காரனின் செவிட்டுப் பகடியும் போகவேண்டும். அவனுக்கு வேறு நகைச்சுவை கைவசம் நிறைய உண்டு.

இரவு முழுதும் நடப்பதை நாற்பது நிமிடமாகச் சுருக்குவதும் வேண்டியதே. பகாசுரன் கட்டம் ஒன்றே போதும். பத்துப் பிள்ளைகள், ஒரு வண்டி, சூடான சோறு, வாழையிலை, மத்தளம் ஒன்று. வீமன் வேடம் கட்டுபவர் வேடம் இல்லாமல் முதலில் வந்து அமர்வார். மரக்கிரீடத்தையும் புயக்கட்டையையும் பிள்ளைகளின் கையில் கொடுப்பார். அவர்கள் தடவிப் பார்ப்பர், கண்ணாடித் துண்டுகளை எண்ணுவர், சிலர் முகர்ந்து பார்ப்பர், ஒருவன் தொடவே மாட்டான். அரிதாரத்தை அவர்கள் முன்னிலையிலேயே பூசிக்கொள்வார். முகம் மாறுவதைப் பிள்ளைகள் படிப்படியாகக் காண்பர். அவர் எழுந்து முதலடி வைக்கும்போது மத்தளம் மெல்ல ஒலிக்கும். தொடாத பிள்ளை வண்டியின் சக்கரத்தருகே நின்றுகொண்டிருந்தால் அவனை யாரும் அழைக்கவேண்டியதில்லை. வண்டி அவன் பக்கமாகத்தான் போகும்.